உடலும் அரசும்: ஆயிரம் ஆண்டு ஆட்சி நம்பிக்கையின் வரலாறு

இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்பதும், எழுந்தவர்களோடு கிறிஸ்து இந்தப் பூமியிலேயே ஆயிரம் ஆண்டு அரசாளுவார் என்பதும் கிறிஸ்தவத்தின் இரு தனி நம்பிக்கைகள். முதலாவதைப் பெரும் சபைகள் அனைத்தும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகின்றன. இரண்டாவதின் கதை வேறு. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஆயர்களும் இரத்தசாட்சிகளும் அதைப் போதித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அது ஓரங்கட்டப்பட்டது. பிறகு பஞ்சத்திலும் போரிலும் சமய எழுச்சியிலும் திரும்பத் திரும்பத் தலைதூக்கியது. ஆனாலும் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. மனித உடலைக் கடவுளின் நல்ல படைப்பு என்று உறுதியாகப் பிடித்துக்கொண்டவர்கள், அந்த உடல் வாழ ஒரு பூமியும் மீட்கப்பட வேண்டும் என்றார்கள். உடலை ஆன்மா விட்டுச் செல்லவேண்டிய ஒன்றாகக் கருதியவர்களுக்கு மண்ணில் ஓர் அரசு தேவைப்படவில்லை.

பழைய எபிரேய வேதத்தின் பெரும்பகுதி மரணத்துக்குப் பின் ஒளியான எதிர்காலம் எதையும் பேசுவதில்லை. நல்லவரும் தீயவரும் ஒன்றுபோலப் பாதாளத்தில் இறங்கினார்கள். நீதிமானுக்குக் கிடைக்கும் பலன் நீண்ட ஆயுள், பிள்ளைகள், நிலம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு பொய்த்தது. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகு கி.மு. 167 வாக்கில் விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தில் அந்நிய வழிபாட்டைப் புகுத்தினான். நியாயப்பிரமாணத்தைக் கைவிட்டவன் பிழைத்தான். காத்தவன் இளவயதில் கொல்லப்பட்டான். அப்படிச் செத்தவனுக்குக் கடவுள் எப்போது நீதி வழங்குவார்? அந்த ஆண்டுகளில் இறுதி வடிவம் பெற்றதாக ஆய்வாளர்கள் கருதும் தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம், மண்ணில் உறங்குபவர்கள் விழித்தெழுவதைப் பற்றி முன்னெங்கும் இல்லாத தெளிவோடு பேசுகிறது. மக்கபேயரின் இரண்டாம் நூல் ஒரு தாயின் கண்முன் ஏழு மகன்கள் சித்திரவதை செய்யப்பட்டதைச் சொல்கிறது. வெட்டப்படுவதற்காகக் கைகளை நீட்டும் ஒரு மகன், அதே கைகளைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறப்போவதாக நம்பி நீட்டுகிறான். உயிர்த்தெழுதல் நம்பிக்கை தத்துவ விசாரணையில் பிறக்கவில்லை. வெட்டுண்ட கைகளுக்கு நீதி கேட்ட இடத்தில்தான் அது வலுப்பெற்றது.

இயேசுவின் காலத்தில் இது யூதர்களிடையே தீராத விவாதமாக இருந்தது. பரிசேயர் உயிர்த்தெழுதலை ஏற்றார்கள். ஆலயத்தின் ஆசாரியக் குடும்பங்களைச் சார்ந்த சதுசேயர் மறுத்தார்கள். மேசியாவின் பூலோக அரசு பற்றிய எதிர்பார்ப்பும் தனியாக வளர்ந்துவந்தது. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு எழுதப்பட்ட இரு யூத நூல்களில் அது விரிவாக வருகிறது. நான்காம் எஸ்றா நூலில் மேசியா 400 ஆண்டுகள் ஆண்டு மரிக்கிறார்; அதன் பிறகே பொது உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும். பாரூக்கின் பெயரில் வழங்கும் மற்ற நூல் மேசியாவின் காலத்து நிலவளத்தை வர்ணிக்கிறது. ஒரு திராட்சைக் கொடிக்கு ஆயிரம் கிளை, ஒரு கிளைக்கு ஆயிரம் குலை, ஒரு குலைக்கு ஆயிரம் பழம் என்று அந்தக் கணக்கு பெருகுகிறது. வரிக்கும் வறட்சிக்கும் இடையில் வாழ்ந்த உழவர்கள் கண்ட கனவு அது என்பதை மறந்துவிட்டுப் பிற்கால அறிஞர்கள் பலர் இதைப் பேராசை என்று இகழ்ந்தார்கள்.

கிறிஸ்தவம் இந்த நம்பிக்கைகளை ஒரு நிகழ்வின்மேல் நிறுத்தியது. கடைசி நாளில் எல்லாருக்கும் நடக்கவேண்டியது இயேசு ஒருவருக்கு முன்கூட்டியே நடந்துவிட்டது என்பதே சீடர்களின் சாட்சி. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறத்தாழ கி.பி. 50ஐச் சேர்ந்தது. ஆண்டவர் வருமுன்பே இறந்துபோனவர்களின் கதி என்ன என்று அந்தச் சபையார் கலங்கினார்கள். முதலில் எழுபவர்கள் அவர்களே என்று பவுல் தேற்றினார். சில ஆண்டுகள் கழித்து கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், விதைக்கும் பயிருக்கும் உள்ள உறவைக் காட்டி, புதைக்கப்படும் உடலும் எழும் உடலும் தொடர்புடையவை, ஆயினும் ஒன்றல்ல என்று விளக்கினார். அந்தத் தொடர்பை அழுத்துவதா வேறுபாட்டை அழுத்துவதா என்பதில்தான் பின்னால் வந்த அத்தனை சர்ச்சைகளும் பிறந்தன.

ஆயிரம் ஆண்டு என்ற எண் வருவது ஒரே இடத்தில். பத்மு தீவில் இருந்த யோவான் என்பவர் எழுதிய வெளிப்படுத்தின விசேஷம், கத்தோலிக்க வழக்கில் திருவெளிப்பாடு, அதன் 20ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களுக்குள் ஆறு முறை இந்த எண்ணைச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரனேயுவின் கூற்றுப்படி இந்நூல் பேரரசன் தொமித்தியானின் ஆட்சியின் கடைசியில், அதாவது 95ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது. காட்சியின் வரிசை இது: சாத்தான் சங்கிலியால் கட்டப்பட்டு ஆயிரம் ஆண்டு அடைக்கப்படுகிறான். சாட்சியத்துக்காகச் சிரச்சேதம் செய்யப்பட்டவர்கள் எழுந்து கிறிஸ்துவோடு ஆளுகிறார்கள். இதுவே முதலாம் உயிர்த்தெழுதல். காலம் முடிந்ததும் சாத்தான் சிறிது காலம் விடுவிக்கப்பட்டு, கோகு மாகோகு என்னும் கூட்டத்தைத் திரட்டித் தோற்கிறான். அதன்பின் மற்ற இறந்தோர் எழுகிறார்கள், நியாயத்தீர்ப்பு நடக்கிறது, புதிய வானமும் புதிய பூமியும் வருகின்றன. இந்த ஆட்சி எங்கே நடக்கிறது, எழுந்தவர்கள் என்ன உண்டு எப்படி வாழ்கிறார்கள் என்று அந்த அதிகாரம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நிரப்பும் வேலையைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் நிரப்பியவர்கள் சின்ன ஆசியாவின் மூப்பர்கள். பிரிகியா நாட்டு எராப்போலி நகரின் ஆயர் பப்பியாஸ், இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திராட்சைக் கொடிக்கணக்கை ஆயிரத்திலிருந்து பத்தாயிரமாக்கி, இயேசுவே சொன்னதாக வழிவந்த போதனை என்று பதிவுசெய்தார். இரண்டு நூற்றாண்டு கழித்துத் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு, பப்பியாஸை அறிவுக் குறைவானவர் என்றே எழுதிவிட்டார். அது நியாயமான மதிப்பீடு அல்ல. உரோமில் இரத்தசாட்சியாக இறந்த யுஸ்தின் தத்துவம் கற்றவர். அவரும் 160ஐ ஒட்டி எழுதிய உரையாடல் நூலில், புதுப்பிக்கப்பட்ட எருசலேமில் ஆயிரம் ஆண்டு வாழ்வு உண்டு என்றார். ஆனால் உண்மையான பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலர் இதை ஏற்பதில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். உடலின் உயிர்த்தெழுதலை மறுப்பவர்களிடம் மட்டும் அவர் அந்தப் பெருந்தன்மையைக் காட்டவில்லை. அவர்களைக் கிறிஸ்தவர் என்றே எண்ணவேண்டாம் என்றார். எது அடிப்படை, எது கருத்துவேறுபாட்டுக்கு இடமுள்ளது என்ற கோட்டை இவ்வளவு முன்னதாகவே ஒருவர் வரைந்தது குறிப்பிடத்தக்கது.

இந்த நம்பிக்கைக்கு ஆழமான இறையியல் வடிவம் தந்தவர் இரனேயு. சின்ன ஆசியாவில் வளர்ந்த அவர் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரின் மூப்பராக இருந்தார். 177இல், பேரரசன் மார்க்கு ஔரேலியுவின் காலத்தில், அந்நகரிலும் அருகிலிருந்த வியன்னிலும் கிறிஸ்தவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆயர் பொத்தினு சிறையில் இறந்தார். கொல்லப்பட்டவர்களின் உடல்கள் ஆறு நாள் திறந்தவெளியில் கிடத்தப்பட்டு, பிறகு எரிக்கப்பட்டு, சாம்பல் ரோன் ஆற்றில் கரைக்கப்பட்டது. இவர்கள் எழுவதற்கு எதுவும் மிஞ்சக்கூடாது என்பதே நோக்கம் என்று அந்தச் சபை ஆசியாவுக்கு அனுப்பிய கடிதம் சொல்கிறது. பொத்தினுவுக்குப் பின் ஆயரானவர் இரனேயு. கல்லறை கூட இல்லாமல்போன தம் மக்களைக் குறித்துத்தான் அவர் பேனா எடுத்தார் என்று படிக்கும்போது அவருடைய நூலின் வேகம் புரிகிறது.

அவர் எதிர்த்தது ஞானக்கொள்கையினரை. சடப்பொருள் உலகம் தாழ்ந்த ஒரு சக்தியின் தவறான படைப்பு, மீட்பு என்பது ஆன்மா அதிலிருந்து தப்பிப்பது என்பது அவர்கள் போதனை. ஏறத்தாழ 180இல் எழுதிய ஐந்து பாகங்கள் கொண்ட மறுப்பு நூலில் இரனேயு இதற்கு நேரெதிர் நிலை எடுத்தார். உடலைப் படைத்த கடவுளே உடலை மீட்கிறார். நற்கருணையில் அப்பத்தாலும் இரசத்தாலும் போஷிக்கப்படும் உடல் அழிந்துபோகாது. ஐந்தாம் பாகத்தின் இறுதி அதிகாரங்களில் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். எந்தப் படைப்புக்குள் நீதிமான்கள் துன்புற்றார்களோ, எந்தப் பூமியில் கொல்லப்பட்டார்களோ, அதிலேயே அவர்கள் எழுந்து ஆள்வது நியாயம் என்பது அவர் வாதம். பப்பியாஸின் திராட்சைக் கொடியையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். பிற்காலத்தில் இந்தப் போதனை சங்கடமானதாகிவிட்டது. இரனேயுவின் இலத்தீன் கையெழுத்துப் படிகள் பலவற்றில் அந்தக் கடைசி அதிகாரங்கள் இல்லை. 1526இல் எராஸ்முஸ் வெளியிட்ட முதல் அச்சுப் பதிப்பிலும் அவை இடம்பெறவில்லை. 1570களில் வந்த பதிப்பில்தான் முதன்முதலாக அச்சேறின.

ஆயிரமாண்டு எதிர்பார்ப்புக்கு முதல் பெரிய அவப்பெயர் பிரிகியாவிலேயே உண்டானது. 170ஐ ஒட்டி மொந்தானு என்பவரும் பிரிஸ்கில்லா, மக்சிமில்லா என்ற இரு பெண்களும் தூய ஆவியின் நேரடி வாக்கு தங்களுக்கு வருவதாகத் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெப்புசா என்ற சிற்றூரை அவர்கள் எருசலேம் என்று அழைத்தார்கள். கார்த்தாகோவின் பெரும் எழுத்தாளர் தெர்த்துல்லியன் இவ்வியக்கத்தில் சேர்ந்தார். உடலின் உயிர்த்தெழுதலுக்கென்றே தனி நூல் எழுதியவர் அவர். யூதேயாவில் நாற்பது நாள் காலைதோறும் வானத்தில் ஒரு நகரம் தொங்கியதாகப் புறமதத்தாரும் சாட்சி சொன்னதை மற்றொரு நூலில் குறிப்பிடுகிறார்.

இதற்கு மாற்றுக் குரல் எழுந்த நகரம் எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கே வேதத்தை உருவகமாகப் படிக்கும் மரபு வேரூன்றியிருந்தது. ஏறத்தாழ 185 முதல் 253 வரை வாழ்ந்த ஒரிகன், எழும் உடல் நுண்மையானது, ஆவிக்குரியது என்றார். அரசில் விருந்தையும் திருமணத்தையும் எதிர்பார்ப்பது எழுத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுவது என்று கண்டித்தார். இதனால் எகிப்தின் அர்சினோவே பகுதியில் பிளவு உண்டாயிற்று. அங்கு ஆயராயிருந்த நேப்போஸ் உருவக விளக்கத்தாரை மறுத்து ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் இறந்தபின் அந்த நூல் கிராமத்துச் சபைகளில் வேதத்துக்கு நிகராக மதிக்கப்பட்டது. ஒரிகனின் மாணவரும் அலெக்சாந்திரியாவின் ஆயருமான தியோனிசியு, மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தபின் நேரில் அங்கே சென்றார். கிராமத்து மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, மூன்று நாள் காலையிலிருந்து மாலைவரை அந்நூலைப் பகுதி பகுதியாக எடுத்து விவாதித்தார். யாரையும் அவர் சபிக்கவில்லை. நேப்போஸின் விசுவாசத்தையும் அவர் ஏற்படுத்திய பாடல் வழிபாட்டையும் மனமாரப் பாராட்டிவிட்டே கருத்தை மறுத்தார். கூட்டத்தின் முடிவில் எதிரணியின் தலைவர் கொராக்கியோன் தம் நிலையைக் கைவிட்டார். கேட்டவர்களின் பொறுமையையும் நேர்மையையும் தியோனிசியு வியந்து எழுதினார். ஆயிரமாண்டு ஆட்சியைக் குறித்த இருபது நூற்றாண்டு விவாதத்தில் இதைவிடப் பண்பான அமர்வு வேறு கிடையாது. பிறகு அவர் வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்க நடையை யோவான் நற்செய்தியின் நடையோடு ஒப்பிட்டு, இரண்டையும் ஒருவரே எழுதியிருக்க முடியாது என்று காட்டினார். கிழக்குச் சபைகளில் அந்நூலின் மதிப்பு நெடுங்காலம் தாழ்ந்திருந்ததற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இதே காலத்தில் இன்னொரு கணக்கும் நடந்துவந்தது. கடவுளுக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டு என்றால், ஆறு நாள் படைப்பு ஆறாயிரம் ஆண்டு உலக வரலாற்றைக் குறிக்கிறது; ஏழாம் நாள் ஓய்வே ஆயிரமாண்டு ஆட்சி. உரோமின் இப்போலித்து மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியேலுக்கு எழுதிய உரையில், கிறிஸ்து பிறந்தது உலகின் 5500ஆம் ஆண்டில் என்று கணித்தார். அப்படியானால் முடிவுக்கு இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இருந்தது. அவர் நோக்கம் மக்களின் பரபரப்பைத் தணிப்பது. நாள் குறிக்கும் பழக்கத்துக்கு அதுவே வழிகாட்டியாகவும் ஆகிவிட்டது.

313க்குப் பின் உரோமப் பேரரசே கிறிஸ்தவத்துக்குப் புரவலரானது. பாபிலோன் என்று யோவான் சபித்த நகரில் பேரரசன் தேவாலயங்கள் கட்டினான். கொடுங்கோலனின் வீழ்ச்சிக்காகக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அரசவையில் அமர்ந்தார்கள். நூல்களும் இதற்கேற்பத் திருத்தப்பட்டன. 304ஐ ஒட்டி இரத்தசாட்சியாக இறந்த விக்தோரினு, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு இலத்தீனில் முதல் உரை எழுதியவர். அதன் முடிவில் பூலோக அரசைப் போதித்திருந்தார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வேத அறிஞர் ஜெரோம் அந்த உரையைப் பதிப்பித்தபோது அந்த முடிவை நீக்கித் தம் சொந்த விளக்கத்தை வைத்தார். படியெடுத்தவர்கள் கையில் நூற்றாண்டுகள் பரவியது ஜெரோமின் வடிவமே.

தீர்ப்பை எழுதியவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன். 413 முதல் 426 வரை எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்ற நூலின் இருபதாம் பாகத்தில், தாமும் ஒருகாலத்தில் ஆயிரமாண்டு ஆட்சியை நம்பியதாகச் சொல்லிவிட்டு, வட ஆப்பிரிக்கரான திக்கோனியுவின் உரையைப் பின்பற்றி மாற்று விளக்கம் தந்தார். ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண். சாத்தான் கட்டப்பட்டது கிறிஸ்துவின் முதல் வருகையில். முதலாம் உயிர்த்தெழுதல், பாவத்தில் இறந்திருந்த ஆன்மா விசுவாசத்தால் எழுவது. ஆட்சி இப்போதே திருச்சபையில் நடக்கிறது. ஆகவே பூமியில் தனியொரு பொற்காலத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அரசை உருவகமாக்கிய அகுஸ்தீன் உடலை உருவகமாக்க மறுத்தார். இங்கேதான் அவர் ஒரிகனிடமிருந்து பிரிகிறார். அந்நூலின் கடைசிப் பாகத்தில் எதிராளிகளின் கேள்விகள் ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்துக்கொள்கிறார். கருவில் இறந்த குழந்தை எழுமா? குழந்தை வளர்ந்தால் அடைந்திருக்கக்கூடிய முழு வளர்ச்சியில் எழும். முதியவர்கள் எந்த வயதில்? கிறிஸ்துவின் வயதையொட்டிய இளமையில். பெண்கள் ஆண்களாக மாறுவார்களா? இல்லை, பெண்மை குறை அல்ல, பெண்கள் பெண்களாகவே எழுவார்கள். பஞ்சத்தில் ஒருவன் இன்னொருவனைத் தின்றிருந்தால் அந்தச் சதை யாருக்கு? முதலில் யாருடையதாக இருந்ததோ அவருக்கு. இரத்தசாட்சிகளின் தழும்புகள் மறையுமா? வெட்டப்பட்ட உறுப்புகள் திரும்பிவரும். தழும்புகள் அழகாக நிலைக்கும். இன்றைய வாசகருக்கு இவை விநோதமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு பதிலிலும் ஒரே பிடிவாதம்: எழுவது வேறு யாரோ அல்ல, வாழ்ந்த அதே மனிதர்.

விசுவாசப் பிரமாணங்களும் இதே எல்லையில் நின்றன. 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் உருப்பெற்ற பிரமாணம் இறந்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்நோக்குகிறது. கிறிஸ்துவின் ஆட்சிக்கு முடிவில்லை என்கிறது. ஆயிரம் ஆண்டு என்ற சொல் அதில் இல்லை, அதற்குக் கண்டனமும் இல்லை.

சாதாரண விசுவாசிகளின் வாழ்வில் இந்த நம்பிக்கை அடக்கமுறையில் வேர்பிடித்தது. உரோமில் எரிக்கும் வழக்கம் பரவலாயிருந்த காலத்திலேயே கிறிஸ்தவர்கள் யூதர்களைப் போலப் புதைத்தார்கள். நகருக்கு வெளியே மென்பாறையில் குடைந்த நிலவறைக் கல்லறைகளின் சுவர்களில் மீன் வயிற்றிலிருந்து வெளிவரும் யோனாவும் கட்டவிழ்த்து எழும் லாசருவும் தீட்டப்பட்டார்கள். கிறிஸ்து கிழக்கிலிருந்து வருவார் என்று எண்ணி, எழும்போது முகம் அத்திசையை நோக்கும்படி உடலைக் கிடத்தும் வழக்கம் ஐரோப்பா முழுவதும் பரவியது.

இடைக்காலத்தில் அகுஸ்தீனின் விளக்கமே ஆண்டது. 1000ஆம் ஆண்டில் ஐரோப்பாவே நடுங்கியது என்ற கதையைப் பிற்காலத்தவர் மிகைப்படுத்திவிட்டனர் என்பது பல வரலாற்றாய்வாளர்களின் கருத்து. உண்மையான மாற்றம் இத்தாலியின் கலாபிரியாவில் வந்தது. 1202இல் இறந்த துறவி யோவாக்கிம் வரலாற்றைத் தந்தையின் காலம், மகனின் காலம், ஆவியின் காலம் என மூன்றாக்கி, கடைசிக் காலம் இவ்வுலகிலேயே நெருங்குகிறது என்றார். 1260ஆம் ஆண்டை அவரைப் பின்பற்றியவர்கள் குறித்துக்கொண்டார்கள்; பிரான்சிஸ்கன் துறவிகளில் ஒரு பிரிவினர் அதைத் தீவிரமாக நம்பினார்கள். சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ் எரிக்கப்பட்டபின் பொகீமியாவின் தாபோர் மலையில் கூடியவர்கள் 1420 பிப்ரவரியில் உலகம் அழியும் என்று எதிர்பார்த்தார்கள். உடைமைகளைப் பொதுப்பெட்டியில் போட்டார்கள். நாள் கடந்ததும் வாளெடுத்தார்கள்.

வாளெடுத்த ஆயிரமாண்டுக்காரர்களின் உச்சம் செர்மனியின் மூன்ஸ்டர் நகரம். 1534 பிப்ரவரியில் மறுதிருமுழுக்கு இயக்கத்தினர் நகராட்சியைக் கைப்பற்றினார்கள். திருமுழுக்கை மீண்டும் பெற மறுத்தவர்கள் குளிரில் வெளியேற்றப்பட்டார்கள். ஆர்லெம் நகரின் யான் மத்தைஸ் இதுவே புதிய எருசலேம் என்றார். கடவுள் காப்பார் என்று நம்பி உயிர்ப்புப் பெருவிழா நாளில் சிலரோடு முற்றுகைப் படையை எதிர்த்துச் சென்று கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த இளைஞன் லெய்டன் யான் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டு, பலதார மணத்தைச் சட்டமாக்கி, எதிர்த்தவர்களின் தலையை வெட்டினான். பட்டினியில் வாடிய நகரம் 1535 ஜூனில் வீழ்ந்தது. தலைவர்கள் மூவரின் உடல்கள் வைக்கப்பட்ட இரும்புக் கூண்டுகள் இன்றும் அங்குள்ள புனித லம்பெர்த்து ஆலயக் கோபுரத்தில் தொங்குகின்றன. ஒடுக்கப்பட்டவர்களின் ஆறுதலாகத் தோன்றிய போதனை அதிகாரத்தைக் கையில் பெற்றதும் எப்படி ஒடுக்குமுறையானது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை. லுத்தரன் சபைகள் இதற்கு முன்பே, 1530இன் ஔக்ஸ்புர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவில், உயிர்த்தெழுதலுக்கு முன் பூமியில் பக்தர்களின் அரசு அமையும் என்பதை நிராகரித்திருந்தன.

பதினேழாம் நூற்றாண்டில் இப்போதனை கல்விமான்களின் மேசைக்குத் திரும்பியது. 1627இல் செர்மனியில் அல்ஸ்டெட், இங்கிலாந்தில் யோசேப்பு மீட் ஆகிய இருவரும் ஆயிரமாண்டு இனிமேல்தான் வரவேண்டும் என்று நூல்கள் வெளியிட்டார்கள். 1675இல் லுத்தரன் போதகர் ஸ்பேனர் எழுதிய பக்தி மறுமலர்ச்சி நூல் திருச்சபைக்கு இவ்வுலகிலேயே நற்காலம் காத்திருக்கிறது என்ற எதிர்பார்ப்பை முன்வைத்தது. அந்த எதிர்பார்ப்பில் ஊறிய ஹாலே நகரத்து இயக்கமே 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த அருட்பணியாளர் சீகன்பால்கை உருவாக்கியது. அதே மரபின் பெங்கெல் நுணுக்கமான கணக்குப் போட்டு அந்தக் காலம் தொடங்கும் ஆண்டாக 1836ஐக் குறித்தார். அதை நம்பிய வூர்ட்டம்பெர்க் குடும்பங்கள் 1817இல் வீடுகளை விட்டுக் கிழக்கே உருசியப் பேரரசின் காக்கேசியம் வரை குடிபெயர்ந்தன.

இதிலிருந்து இரு போக்குகள் பிரிந்தன. நற்செய்தி பரவப் பரவ உலகம் திருந்தி ஆயிரமாண்டு அமையும், அதன் முடிவில் கிறிஸ்து வருவார் என்பது ஒன்று. அமெரிக்காவின் யோனத்தான் எட்வர்ட்ஸ் போன்றோர் இதைப் போதித்தனர், அருட்பணி இயக்கங்களுக்கு இது எரிபொருளானது. உலகம் சீரழிந்துகொண்டே போகும், கிறிஸ்து வந்துதான் ஆட்சியை நிறுவுவார் என்பது மற்றது. போதகர் வில்லியம் மில்லரின் கணக்கை நம்பிப் பல்லாயிரம் அமெரிக்கர் 1844 அக்டோபர் 22ஆம் நாள் கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்து ஏமாந்தனர். அயர்லாந்தில் குருவாயிருந்த டார்பி, உபத்திரவ காலத்துக்கு முன் கிறிஸ்து தம் சபையை இரகசியமாக எடுத்துக்கொள்வார் என்ற போதனையைப் பிரதரன் இயக்கத்தில் பரப்பினார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக அது உலகெங்கும் பெந்தெகொஸ்தே சபைகளைச் சென்றடைந்தது. தமிழ்ப் பெந்தெகொஸ்தே மேடைகளில் பேசப்படும் இரகசிய வருகை, ஏழாண்டு உபத்திரவம், ஆயிரவருட அரசாட்சி என்ற வரிசை இந்த வழியில் வந்ததே.

தென்னிந்தியாவுக்குப் பிரதரன் இயக்கம் நேராகவும் வந்தது. டார்பியின் தொடக்ககாலத் தோழர்களில் ஒருவரான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு இணைந்து ஊழியம் செய்தவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அருளப்பன். கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு 1860இல் அவருடைய மக்களிடையே பாவ அறிக்கையும் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் கொண்ட எழுச்சி மூண்டது. அதன் அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூரை எட்டியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஆங்கிலிக்கத் திருமுழுக்கு பெற்று, யுஸ்து யோசேப்பு என்ற பெயரோடு குருவான வித்துவான் குட்டி, மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களின் முதன்மையான ஆசிரியர்களில் ஒருவர். 1875இல் எழுந்த ஒரு தீர்க்கதரிசனத்தை ஏற்று, ஆறு ஆண்டில், 1881இல், ஆண்டவர் வருவார் என்று அவரும் அவர் சகோதரர்களும் அறிவித்துத் தனிச்சபை கண்டார்கள். அருட்பணியாளர்கள் அவர்களை ஆறு ஆண்டுக் கட்சியார் என்றே அழைத்தார்கள். 1881 கடந்தது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். யுஸ்து யோசேப்பு பின்வாங்கவில்லை. வருகை ஆவிக்குரிய முறையில் நிகழ்ந்துவிட்டது என்று விளக்கி யுயோமய சபையை அமைத்தார். 1887இல் இறந்தார். அவர் இயற்றிய பாடல்களை, அவருடைய கணக்கை ஏற்காத கேரளச் சபைகள் பலவும் இன்றும் பாடுகின்றன.

கத்தோலிக்கத் திருச்சபை பூலோக அரசுப் போதனைக்கு இடங்கொடுக்கவில்லை. சிலி நாட்டு யேசு சபையாளர் லக்குன்சா எழுதி, அவர் இறந்தபின் வெளியான நூல் மீண்டும் அந்த எதிர்பார்ப்பைக் கிளப்பியது. அது அந்நாட்டில் நீடித்ததால் சந்தியாகோ பேராயர் உரோமிடம் விளக்கம் கேட்டார். கிறிஸ்து பூமியில் காணக்கூடிய வகையில் வந்து ஆளுவார் என்பதை மிதமான வடிவில்கூடப் பாதுகாப்பாகப் போதிக்க முடியாது என்று 1944இல் பதில் வந்தது. உடலைக் குறித்த நிலை மட்டும் நெகிழாமல் தொடர்ந்தது. பிணத்தை எரிப்பதை 1886இல் தடைசெய்த உரோம், உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் எரிக்கலாம் என்று 1963இல் அனுமதித்தது. 2016இல் வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக்கூடாது, புனிதமான ஓரிடத்தில் வைத்துக் காக்கவேண்டும் என்று விதிக்கிறது.